ஷாஜீரா ஏன் பூக்கவில்லை?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன் சார். பிரியாணிக்கு வாங்கிய ஷாஜீராவை ஆடியில் ஒரு தொட்டியில் தூவினேன். கொஞ்சம்தான் முளைத்தது. கார்த்திகையும் வந்துவிட்டது. கேரட் செடி மாதிரி இலை மட்டும் தழைக்கிறது, பூவே இல்லை. என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் எதுவும் போடாதீர்கள் அம்மா. யூரியா போட்டால் இலைதான் இன்னும் பெருகும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் சேர்ந்து வரும்.

ஷாஜீரா என்று கடையில் இரண்டு விதைகளை விற்கிறார்கள். ஒன்று இமயமலைக் காலா ஜீரா. குளிர் படாமல் அது முளைக்காது. உங்களுடையது ஆடியிலேயே முளைத்ததால், சீமைச் சோம்பு எனப்படும் கேரவேதான். இதில் பெரும்பாலான வகைகள் ஈராண்டுச் செடிகள். முதல் ஆண்டு இலையும் கிழங்கு வேரும் விடும். பிறகு 10 டிகிரிக்குக் கீழான குளிர் பல வாரம் பட்டால்தான் அடுத்த ஆண்டு பூத்தண்டு எழும். நம் ஊரில் மார்கழி ராத்திரியிலும் 20 டிகிரியை ஒட்டித்தானே இருக்கிறது? விதையை ஃபிரிட்ஜில் வைத்துப் போட்டாலும் பலன் இல்லை. நன்றாக வளர்ந்த செடிதான் அந்தக் குளிரை ஏற்கும்.

அதற்காகப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இளம் இலையைக் கிள்ளி ரசத்திலும் பருப்புக் கூட்டிலும் போடலாம், நல்ல வாசனை. வேர் விரல் பருமன் வந்ததும் கேரட் போலவே சமைக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள்.

விதைதான் வேண்டும் என்றால் சதகுப்பை (டில்) போடுங்கள், அதைத்தான் நான் மனதாரச் சொல்வேன். கேரவேயின் மணத்துக்குக் காரணமான கார்வோன் சதகுப்பை விதையிலும் இருக்கிறது; குளிரும் கேட்காது. விதை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மழை ஓய்ந்ததும், இந்தக் கார்த்திகைக் கடைசியிலேயே விதைத்துவிடுங்கள். ஓரடி ஆழத் தொட்டி, நல்ல வடிகால், முழு வெயில் வேண்டும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்று விட்டுப் பிடுங்கி நடாமல் நேரடியாகத் தூவி, நெருக்கமாக முளைத்ததைக் களைந்துவிடுங்கள். அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

வெயில் ஏறுவதற்குள் விதை கட்டிவிடும். குடை போன்ற விதைக்கொத்து பழுப்பானதும் காலையில் வெட்டி, காகிதப் பையில் தலைகீழாகக் கட்டி நிழலில் உலர்த்துங்கள். விட்டுவிட்டால் விதை தரையில் கொட்டிவிடும்.