ஃப்ரீசர்ல ஐஸ் மலையா கட்டுதா? கேளுங்க, சொல்றேன்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வெயில் ஏறுனதுலேர்ந்து எல்லாருக்கும் ஒரே பாட்டுதான், "ஃப்ரிட்ஜ் கூலிங் இல்ல, கேஸ் போயிருச்சு". பாதி வீட்ல கேஸ் அப்படியேதான் இருக்கும், காத்துதான் எங்கயோ புகுந்திருக்கும். கேட்டவங்களுக்கு வரிசையா சொல்லிட்டு வர்றேன்.

கண்டனூர் ஆச்சி: டிஃப்ராஸ்ட் பண்ணி ஒரு வாரத்துல திரும்ப ஐஸ் மூடிருதுப்பா, டப்பாவை வெளிய எடுக்கவே முடியல.

ஆச்சி, மொதல்ல டோர் ரப்பரைப் பாருங்க. ஒரு பத்து ரூவா நோட்டை கதவுல வச்சு சாத்திட்டு மெதுவா இழுங்க, புடிமானமே இல்லாம வந்துச்சுன்னா அங்கதான் ஈரக்காத்து உள்ள போகுது, அந்த ஈரம்தான் ஐஸா கட்டுது. நம்ம வீடுகள்ல அந்த ரப்பர் மடிப்புக்குள்ள மசாலாவும் எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பா ஒட்டிக்கெடக்கும், பழைய டூத்பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டு தேச்சு, தொடச்சு விடுங்க. பாதிப் பேருக்கு இதுலயே சரியாயிரும். ரப்பர் கிழிஞ்சிருந்தா மாத்தத்தான் வேணும். அப்புறம் சூடு ஆறாத குழம்பை உள்ள வைக்காதீங்க, அந்த ஆவியும் ஐஸாதான் ஆகும்.

பள்ளத்தூர் தம்பி: ஐஸை கத்தியால குத்தி எடுக்கலாமாண்ணே?

வேணாம்டா தம்பி, வேணவே வேணாம். சிங்கிள் டோர்ல நீ சுரண்டுற அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளதான் கேஸ் ஓடுற பாதை இருக்கு, கத்தி நுனி பட்டா அம்புட்டுதான், ஓட்டை அடைக்கிற செலவுக்கு வேற ஃப்ரிட்ஜே பாக்கலாம்னு தோணிரும். இப்ப வர்ற நெறைய மாடல்ல ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்புடிக்கிற கேஸ் வேற. உள்ள ஓட்டையாகி 'ஸ்ஸ்'னு சத்தம் கேட்டா சுவிட்ச் எதையும் தொடாம, அடுப்பு எரிஞ்சா அணைச்சுட்டு, ஜன்னலைத் தொறந்து விடு. ஐஸ் அரை சென்டிமீட்டர் தாண்டுனதும் பிளக்கைப் புடுங்கிட்டு, கிண்ணத்துல சுடுதண்ணி வச்சுக் கதவை சாத்து, அதுவே பாளம் பாளமா கழண்டு வரும்.

கானாடுகாத்தான்லேர்ந்து ஒருத்தர்: உள்ள மீன் வாடை, வினிகர் போட்டு கழுவலாமா?

ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா, அது போதும். வினிகர் வாடைக்கு நல்லதுதான், ஆனா ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரையில சொட்டுனா நெறம் மங்கிப் போகும், சிமெண்ட் கல்லாச்சே, புளிப்பு ஆகாது. கீழ தடிமனா துணி விரிச்சுக்கங்க.

தேவகோட்டை அக்கா: மாசாந்திர மெயின்டனன்ஸ் கட் அன்னைக்கு கறி கெட்டுருமா?

கதவைத் தொறக்காம இருந்தா பெரும்பாலும் கெடாது. நெறஞ்ச பெரிய ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு, நம்ம சித்திரை வெயிலுக்கும் ஃப்ரிட்ஜ் மேல இருக்கிற குட்டி ஃப்ரீசருக்கும் அதை நம்பிராதீங்க. முந்துன ராத்திரியே தண்ணி பாட்டில் ரெண்டு ஐஸாக்கி இண்டு இடுக்குல சொருகி வைங்க. கறி நடுவுல ஐஸ் இருக்கா, திரும்ப வைக்கலாம். முழுசா இளகிட்டாலும் தொட்டா ஜில்லுன்னு இருந்தா அன்னைக்கே சமைச்சிருங்க. குளிர்ச்சி விட்டுப்போய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா தூக்கிப் போட்டுருங்க, மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க.

சென்னையிலேர்ந்து ஒரு அண்ணன்: பிள்ளையார் நோன்புக்கு வந்துட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போனா அடுத்த கல்யாணத்துக்குத்தான் வருவோம், ஓட விட்டுட்டுப் போகலாமா?

வேணாண்ணே. காலி பண்ணி, பிளக்கைப் புடுங்கி, நல்லாத் தொடச்சு ஒரு நாள் காய விடுங்க. கதவு இடுக்குல சுருட்டுன துண்டை வச்சு கொஞ்சம் தொறந்தாப்லயே விட்டுட்டுப் போங்க, மூடிட்டுப் போனா வரும்போது உள்ள கறுப்புப் பூஞ்சை புடிச்சிருக்கும். பின்னாடி கீழ ஒரு தட்டு இருக்கும், அதையும் உருவி கொட்டிருங்க, டெங்கு கொசு முட்டை போடுற எடம் அது, வீடு வீடா பாக்க வர்றவங்க அதைத்தான் மொதல்ல கேப்பாங்க.