அந்த வளையல் யாருடையது?

கேள்வி: என்னைப் படிக்கவைத்த அண்ணனைத் தெய்வமாக நினைத்திருந்தேன். 18 வருடத்தில் முதல்முறையாகப் போன மாதம் பணம் கேட்டார். கையில் ஒரு பழைய கணக்கு நோட்டு. ‘வளையல் 2’ என்று தொடங்கி, எனக்குச் செய்த செலவெல்லாம் தேதியோடு. பாசம் என்று நம்பியது கடன் கணக்கா? ‘ஏமாற்றம்’ என்ற சொல் போதவில்லை. இப்படி மயக்கம் கலைவதற்குத் தமிழில் சரியான சொல் உண்டா? அதன் மூலம் என்ன?
- கோவை வாசகர்

பதில்: உண்டு, தம்பி. தெருளுதல். அதற்கு எதிர்ப்பதம் மருளுதல். ‘மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்கிறோமே, அந்த மருள்தான். பொருள் அல்லாததைப் பொருள் என்று எடுத்துக்கொள்வது மருள் என்கிறது 351-ஆம் குறள். ‘தெருளாதான்’ 249-இல் வருகிறான், அதுவும் அருளில்லாதவனுக்கு உவமையாக.

ஏமாற்றம் என்றதும் ஏமாற்றிய ஆளைத் தேடத் தோன்றும். ஆங்கிலத்தின் ‘டிஸ்இல்லூஷன்’ கூட அப்படித்தான். அதற்குள் இருப்பது விளையாட்டைக் குறிக்கும் லத்தீன் வேர். யாரோ நம்மை வைத்து விளையாடியிருக்க வேண்டும். மருளுக்கு ஆள் தேவையில்லை. இருட்டு அதுபாட்டுக்குக் கிடக்கிறது, பேய் என்று அலறுவது நாம்.

அண்ணன் தன்னைத் தெய்வம் என்று எப்போது சொன்னார்? தெய்வத்துக்கு வாடகை, மளிகை பாக்கி எதுவும் கிடையாது. உங்களுக்கு அது வசதியாக இருந்திருக்கிறது.

சரி, அந்த ‘வளையல் 2’ யாருடையது? உங்கள் அண்ணன் வளையல் போடுகிறவரா? அண்ணி என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் இல்லை. அடகு வைத்தார்களா, விற்றார்களா? மீட்டார்களா? அந்த வீட்டில் இத்தனை வருடம் சாப்பிட்டீர்களே, பரிமாறிய கையில் என்ன கிடந்தது என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?

கணக்கு எழுதியதுதான் உறுத்துகிறதாக்கும்! கைக்கும் வாய்க்குமாக இருக்கிற வீட்டில் கணக்கு எழுதாமல் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது. என்னைக் கேட்டால், சம்பளம் வாங்கத் தொடங்கிய மாதமே நீங்களாகக் கொடுத்திருக்க வேண்டும். 18 வருடம் கேட்காமல் இருந்ததுதான் அவர் செய்த ஒரே தப்பு.

எவ்வளவு கேட்டார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. எவ்வளவானாலும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் இந்த ஞாயிற்றுக்கிழமை நகைக்கடைக்குப் போங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அளவு உங்களுக்குத் தெரிந்திருக்காது.