கோவையில் இத்தனை மால்கள் வந்தும் குன்னூர், ஊட்டிப் பக்கம் ஒன்றுகூட வராதது ஏன்? வந்தால் நல்லதா?

கேள்வி கேட்டவர் தன் சொந்த ஊர் கோத்தகிரி என்றும், கோவையில் வேலை பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார். "நம்ம ஊர்க் காசெல்லாம் கீழே இறங்கிப் போகுது, மேலே ஒரு மால் இருந்தா இங்கேயே நிக்குமே" என்பது அவருடைய ஆதங்கம்.

நான் குன்னூர். அப்பா மார்க்கெட்டுக்குள் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். இப்போது தம்பியும் நானும் பார்த்துக்கொள்கிறோம். நடுவில் இரண்டு வருடம் கோவையில் ஒரு மாலுக்குள் இருந்த துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். அதனால் இரண்டு கல்லாவுக்கும் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே மால் வராது, வரவும் வேண்டாம். ஆனால் மாலில் கிடைக்கிற ஒரு விஷயம் நம் ஊரில் இல்லை. அது இல்லாதவரை காசு கீழேதான் போகும்.

ஏன் வராது என்பதற்கு முதல் காரணம் நிலம். மாலுக்கு ஒரே மட்டத்தில் பரந்த இடம் வேண்டும், அதற்குக் கீழே தோண்டி வண்டிகளை நிறுத்த வேண்டும். கோவையில் அகலமான ரோடுகளும் பழைய மில் வளாகங்களும் இருந்தன. புரூக்ஃபீல்ட்ஸ் 2009-ல் வந்தது, அவிநாசி ரோட்டில் ஃபன் ரிபப்ளிக் 2012-ல், சத்தி ரோட்டுப் பக்கம் புரோசோன் 2017-ல். 1910-ல் தொடங்கிய லட்சுமி மில்ஸின் வளாகத்துக்குள் 2023-ல் லூலூ ஹைப்பர்மார்க்கெட் திறந்தார்கள். புரூக்ஃபீல்ட்ஸ் இருக்கும் சாலையை ஜனங்கள் இன்னமும் புரூக்பாண்ட் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். தேயிலைக் கம்பெனியின் பெயர் அது. எங்கள் மலையில் பறித்த இலைக்கும் அந்த ஊருக்கும் உள்ள பழைய உறவை அந்த ரோட்டில் பஸ் திரும்பும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மலையில் அப்படி இடம் கிடையாது. கிடைத்தாலும் கட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது. மலைப்பகுதிகளுக்கான கட்டட விதிகள் 1993-லிருந்து இருக்கின்றன. பொதுவாக 7 மீட்டர் உயரத்துக்குமேல் போக முடியாது. "ரெண்டு மாடிக்கே இவ்வளவு கெடுபிடியா" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு 2009 நவம்பரை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்குமேல் செத்தார்கள். மேட்டுப்பாளையம் ரோடு அறுந்து, ரயில் பாதை தொங்கி, எங்கள் கடைக்கு வரவேண்டிய சரக்கு மூட்டைகள் கீழே லாரி ஷெட்டிலேயே கிடந்தன. கோவையில் மால் திறந்ததும் அதே வருடம்தான். சரிவை வெட்டி மூன்று அடுக்கு பார்க்கிங் தோண்டினால் மேலே இருக்கிற வீடுகளின் கதி என்ன என்பதை அந்த நவம்பரைப் பார்த்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆள் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் குன்னூர் நகராட்சியில் 45,494 பேர். நீலகிரி மாவட்டம் மொத்தமுமே ஏழரை லட்சத்துக்குள். கோவை மாநகராட்சி மட்டும் பத்தரை லட்சம், சுற்று ஊர்களையும் சேர்த்தால் இருபது லட்சம் தாண்டும். நான் வேலை பார்த்த கடை வாசலில் தலைக்குமேல் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே நுழைகிறவர்களை அது எண்ணும். ராத்திரி கடை மூடும்போது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பில் போட்டார்கள் என்று மேனேஜர் சத்தமாக வாசிப்பார். ஏன் அவ்வளவு பதற்றம் என்றால், மாலில் கடை போடுகிறவர் குறைந்தபட்ச வாடகை ஒன்று, விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ஒன்று, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டுவது பரவலாக இருக்கிற முறை. அதற்குமேல் ஏசி, லிஃப்ட், துப்புரவு, காவல் என்று சதுர அடிக் கணக்கில் பராமரிப்புக் கட்டணம் வேறு. வருடம் முழுக்கக் கூட்டம் வந்தால்தான் கட்டுப்படியாகும். எங்களுக்கோ பெரிய சீசன் ஏப்ரல், மே இரண்டு மாதம்தான். அந்தக் கூட்டத்துக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ், 2025 ஏப்ரலிலிருந்து சீசன் நாட்களில் வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பு. நீதிமன்றம் அப்படிச் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். கொடைக்கானலுக்கும் இதே கதைதான், அவர்களுக்குக் கீழே மதுரையில் விஷால் டி மால் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக் கூடலூர்க்காரர்கள் இன்னும் பாவம். மைசூருக்குப் போனால் பந்திப்பூர் சாலையை ராத்திரி 9 மணிக்கு அடைப்பதற்குள் திரும்பியாக வேண்டும்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். எது கீழே போகிறது, எது போகவில்லை என்பதை எங்கள் கல்லா நன்றாகவே சொல்லும்.

பள்ளிக்கூடச் சட்டை, உள்பாவாடை, துண்டு, கம்பளி, மழைக்கோட்டு, இதெல்லாம் எங்கும் போகவில்லை. கோவைக்குப் போய் வர பஸ்ஸில் ஒரு நாள் முழுசாகப் போய்விடும், ஒரு உள்பாவாடைக்காக யார் போவார்கள்? போனது தீபாவளி வியாபாரமும் கல்யாண வியாபாரமும். கல்யாண ஜவுளி அந்தக் காலத்திலேயே கோவையின் ஒப்பணக்கார வீதிக்கும் கிராஸ்கட் ரோட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது, அதை மால் தலையில் போட முடியாது. தீபாவளி அப்படியில்லை. எஸ்டேட்டில் போனஸ் போட்ட மறுநாள் எங்கள் கடை வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அந்த ஒரு வாரம்தான் அப்பாவுக்கு வருடத்தின் பாதி. இப்போது போனஸ் போட்ட ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பிள்ளைகள் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு கோவை பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அருவங்காடு தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

எந்த மாலாலும் எடுக்க முடியாத வியாபாரம் ஒன்று எங்களிடம் இருந்தது, அது அப்பாவின் நோட்டு. சிவப்பு அட்டை, நீளவாக்கில் திறக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஃபேக்டரி மாதம் ஒருமுறைதான் இலைக்குக் காசு போடும். "இலைக்காசு வந்ததும் குடுத்துடறேண்ணா" என்றால் அப்பா பேனாவை எடுப்பார். 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது அந்த நோட்டு இரண்டு நோட்டானது. சில பக்கங்களில் கடைசிவரை வரவு எழுதவே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த ஜூனிலும் சீருடைத் துணி கிழித்துக் கொடுத்தார். மால் கல்லாவில் இருப்பவருக்கு அப்படி ஒரு முடிவு எடுக்க அதிகாரமே கிடையாது, அவர் நல்லவராக இருந்தாலும்கூட. மேலே மால் வந்து எங்களைப் போன்ற கடைகள் மூடினால் முதலில் அடிபடுவது அந்த நோட்டுக்காரர்கள்தான். கேள்வி கேட்டவர் இதையும் யோசிக்க வேண்டும்.

மால் வேலை தருமே என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். தரும். எனக்கும் தந்தது, மாதம் 8,000 ரூபாய், ஹாஸ்டல் போகக் கையில் கொஞ்சம் நிற்கும். இங்கிலீஷில் பேச, பில் போட, சரக்குக் கணக்குப் பார்க்க அங்கேதான் கற்றேன், அந்த நன்றி இருக்கிறது. ஆனால் காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நின்றுகொண்டே இருந்தேன். கடையில் வாடிக்கையாளர் யாருமே இல்லாதபோதும் உட்காரக் கூடாது. ஒருநாள் மடித்த ஜீன்ஸ் அடுக்கின்மேல் சாய்ந்ததற்கு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். இருபத்து மூன்று வயதில் குதிகாலில் வந்த வலி இன்றும் குளிர் மாதத்தில் எட்டிப் பார்க்கிறது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியது 2021-ல்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மாலில் கிடைக்கிற ஒரு விஷயம் என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

ஒரு ஐப்பசி மாதம் அம்மா என்னைப் பார்க்கக் கோவை வந்தார். எனக்கு ஷிஃப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. எஸ்கலேட்டரில் ஏற அம்மா பயந்ததால் லிஃப்டில் கூட்டிப்போய், எங்கள் கடைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்காரவைத்தேன். ஜவுளி மடித்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் பையை மடியில் இறுக்கிப் பிடித்து விளிம்பில் உட்கார்ந்திருந்தார். யார் நடந்துபோனாலும் எழுந்திருக்கத் தயாராவது மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாகச் சாய்ந்தார். பக்கத்திலேயே கழிப்பறை இருந்தது, சுத்தமாக இருந்தது, காசு கேட்கவில்லை. வெளியே மழை கொட்டியது உள்ளே தெரியவேயில்லை. நான் வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, இங்க ஒண்ணும் வாங்காம உக்காந்திருந்தா யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்களா?"

அம்மா நாற்பது வருடம் குன்னூர் மார்க்கெட்டுக்கு வந்து போனவர். அங்கே அப்படி உட்கார்ந்ததே இல்லை.

வருடத்தில் ஆறு மாதம் மழையும் பனியுமாக இருக்கிற ஊரில், கூரைக்குக் கீழே பெண்கள் சும்மா உட்கார ஓர் இடம் இல்லை. எஸ்டேட்டிலிருந்து வரும் அக்காமார் பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் கடை ஓரங்களில் நனைந்தபடி நிற்கிறார்கள். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறேன் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கோவைக்கு ஓடுவது துணிக்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? அதே விலையில் அதே திருப்பூர் பனியன் எங்களிடமும் இருக்கிறது. குடும்பமாகப் போய், நனையாமல் நடந்து, யாருடைய முகச்சுளிப்பும் இல்லாமல் நாள் முழுக்க இருந்துவிட்டு வரலாம். அதற்காகத்தான் போகிறார்கள், போகட்டும், அதில் தப்பே இல்லை.

குன்னூர் மார்க்கெட்டில் 800-க்குமேல் கடைகள் இருக்கின்றன. அதை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றி வியாபாரிகளுக்கும் நகராட்சிக்கும் இடையே இழுபறி நடக்கிறது. எங்கள் பயம் நியாயமானது: மாற்று இடத்தில் வியாபாரம் நிற்குமா, திரும்பி வரும்போது வாடகை எட்டும் உயரத்தில் இருக்குமா? ஆனால் எங்கள் கூட்டங்களில் கடை அளவு, அட்வான்ஸ், வாடகை இவை மூன்றைத்தான் பேசுகிறோம். பெஞ்சு, பெண்கள் கழிப்பறை, பால் கொடுக்க ஓர் அறை, மழைக்கு மூடிய நடைபாதை, இவற்றை நான்தான் எழுந்து கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு" என்றார் பெரியவர் ஒருவர். வரைபடத்தில் இப்போது வராதது அப்புறம் வரவே வராது, அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கப்போகிறேன். கோத்தகிரிக்காரர்களும் உங்கள் உள்ளாட்சியில் மால் கேட்பதற்குப் பதில் இதைக் கேளுங்கள்.

எங்கள் கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் தம்பியோடு சண்டை போட்டு ஒரு மூலையில் திரை கட்டி ட்ரையல் ரூம் வைத்தேன். ரேக் ஒன்றைக் கழற்றிவிட்டு வாசலுக்கு உள்பக்கம் நான்கு ஸ்டூல் போட்டேன். வேலைக்கு இருக்கும் பெண்ணுக்கும் ஒரு ஸ்டூல். வியாபாரம் முன்னைவிடக் கொஞ்சம் தேவலை, சுடிதார் ரகம் நன்றாகவே போகிறது. போன வாரம் மழையில் கைக்குழந்தையோடு ஓர் அக்கா படியேறி வந்தார். "ஒண்ணும் வாங்கல பிள்ளை, பஸ் வர்ற வரைக்கும்..." என்று இழுத்தார். திரையை விலக்கி உள்ளே ஸ்டூலைக் காட்டினேன். குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்து, பஸ் சத்தம் கேட்டதும் ஓடினார். குழந்தையின் ஒற்றைக் கம்பளிக் காலுறை ஸ்டூலுக்கடியில் கிடந்தது. கல்லாப் பெட்டியில் வைத்திருக்கிறேன், சந்தை நாளில் வருவார்.