ஊசி குத்துமா என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

கனடாவில் சிறுவர் வைத்தியசாலையொன்றில் சைல்ட் லைஃப் நிபுணராக, அதாவது சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் பயத்தைக் குறைத்து அவர்களைத் தயார்ப்படுத்துபவராக, பணிபுரியும் எமது பத்தியாளர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

அக்கா, நான் ரொறன்ரோவில் முதலாம் ஆண்டு உளவியல் படிக்கிறேன். போன வருடம் தம்பிக்கு அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சை நடந்தபோது ஒரு பெண் வந்து, துணிப்பொம்மை ஒன்றை வைத்து அவனுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அவர் போன பிறகு தம்பி அழவே இல்லை. எனக்கும் அந்த வேலைக்குப் போக ஆசை. "பிள்ளைகளோடு விளையாடுவதற்கு எதற்குப் பல்கலைக்கழகம்?" என்று அப்பா கேட்கிறார். நான் எந்தப் பாடங்களை எடுப்பது, எங்கே அனுபவம் தேடுவது, அப்பாவுக்கு என்ன சொல்வது?
– வாசகி, ஸ்கார்பரோ

தங்கச்சி, அப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். அவர் கேட்பது நியாயமான கேள்வி. வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது விளையாட்டுத்தான். ஊசி போடும் நேரத்தில் நான் ஒரு சிறுமியோடு சவர்க்காரக் குமிழி ஊதிக்கொண்டிருப்பேன். குமிழி பெரிதாக வர வேண்டுமென்றால் மூச்சை மெதுவாக, நீளமாக விட வேண்டும். அப்படி விட்டால் தோள் இறங்கும், இறுக்கிப் பொத்திய கை தளரும், தாதிக்கு வேலை சுலபமாகும். அம்மாவின் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக அவளை இருத்துவதும் ஒரு காரணத்தோடுதான். படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடித்தால், அடுத்த முறை அந்த அறையின் வாசலைக் கண்டதுமே கத்தத் தொடங்கிவிடுவாள். தோலை மரக்கச் செய்யும் களிம்பை ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே பூசியாயிற்றா என்று கேட்டு வைப்பதும் எங்கள் வேலைதான். நாங்கள் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. அந்த அறையில் பிள்ளையின் பயத்தை மட்டுமே பார்ப்பதற்கென்று ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நாங்கள்.

இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். 1950களில் பல வைத்தியசாலைகளில் பெற்றோர் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளை தனியாகக் கிடக்கும். பிரித்தானியாவில் 1959இல் வந்த பிளாட் அறிக்கைதான், தாய்தகப்பனைத் தடையில்லாமல் உள்ளே விடுங்கள் என்று அரசாங்கத்துக்கே சொன்னது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர வைத்தியசாலையின் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் பிரெடரிக் ராபின்ஸ். போலியோ வைரஸை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டியதற்காக 1954இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். நெடுங்காலம் கட்டிலில் கிடக்கும் பிள்ளைகளுக்கு மருந்து மட்டும் போதாது என்று கண்டு, 1955இல் அவர் அழைத்து வந்தது ஓர் ஆசிரியையை: வியன்னாவில் பிறந்து, மொண்டிசோரி முறையில் பயிற்சி பெற்ற எம்மா பிளாங்க். இன்று நாங்கள் செய்கிற வேலைக்கு அங்கே அவர் உருவம் கொடுத்தார். நோபல் பரிசு பெற்ற டொக்டர் ஒருவர், பிள்ளைகளைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிப் போயிருக்கிறார். அப்பா இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார் என்று நம்புகிறேன்.

சரி, பாடங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் சான்றிதழ் வழங்குவது ஒரே அமைப்புத்தான். 1982இல் தொடங்கிய சைல்ட் லைஃப் கவுன்சில், இப்போது அசோசியேஷன் ஆஃப் சைல்ட் லைஃப் புரொஃபெஷனல்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அவர்கள் கேட்பவை: ஏதாவது ஒரு இளமாணிப் பட்டம், குறிப்பிட்ட பத்துப் பாடங்கள், தகுதி பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் குறைந்தது 600 மணித்தியாலப் பயிற்சி, கடைசியில் ஒரு பரீட்சை. பத்துப் பாடங்களில் ஒன்று சைல்ட் லைஃப் பற்றியது. அதைச் சான்றிதழ் பெற்ற நிபுணரே கற்பித்திருக்க வேண்டும். மற்றவற்றில் குழந்தை வளர்ச்சி, குடும்பம், விளையாட்டு, இழப்பும் துயரமும், ஆய்வு முறை எல்லாம் வரும். உளவியல் பட்டத்திலேயே பாதி சேர்ந்துவிடும். விளையாட்டுப் பற்றிய பாடம் உங்கள் துறையில் இல்லாவிட்டால் குழந்தைப் பருவக் கல்வித் துறையில் போய்ப் பாருங்கள். பட்டத்துக்குப் பிறகு ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுமாணிப் படிப்பு இருக்கிறது, பெரும்பகுதி இணையவழி. விதிகள் அவ்வப்போது மாறும். பாடங்களுக்குப் பதியும் முன் ஒவ்வொரு வருடமும் இந்த அமைப்பின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள், பாடத்திட்டங்களின் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு கேட்பார்கள்.

பத்திலும் எதை விழுந்து விழுந்து படிப்பது என்று கேட்டால், குழந்தை வளர்ச்சி என்பேன். எங்கள் வேலை முழுவதும் ஒரு விஷயத்தில் நிற்கிறது: பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த வயதுக்குத் தாங்கும் அளவில் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பிள்ளையிடம் இரத்தம் எடுக்கப் போகிறோம் என்றால், இருக்கிற இரத்தம் முழுவதையும் எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கலாம். நான் அந்தச் சின்னக் குழாயைக் கையில் கொடுத்து, இவ்வளவுதான் எடுப்பார்கள், உன் உடம்பு திரும்பவும் செய்துகொள்ளும் என்று காட்டுவேன். அதே நாலு வயது, தான் தம்பிக்கு அடித்ததால்தான் தனக்கு நோய் வந்தது என்றும் நம்பும். யாரும் கேட்காவிட்டால் வாய் திறந்து சொல்லாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒழுங்குமுறை வேண்டும்: முதலில் என்ன, பிறகு என்ன, எவ்வளவு நேரம். பதினாலு வயதுப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை, யார் யார் உள்ளே வருவார்கள், உடுப்பைக் கழற்ற வேண்டுமா என்பதாக இருக்கலாம். இந்த வித்தியாசங்கள் புத்தகத்தில் உண்டு. பிள்ளைகளின் சிந்தனை வயதோடு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயைப் படிக்கும்போது பரீட்சைக்கென்று படிக்காமல், உங்கள் தம்பியை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த உண்மை சொல்லும் விஷயத்தில் எங்கள் வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "சாப்பிடாவிட்டால் டொக்டர் ஊசி போடுவார்" என்று கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். வைத்தியசாலைக்கு வரும்போதும் "ஊசி ஒன்றும் இல்லை, சும்மா பார்க்கத்தான்" என்று அம்மம்மா சொல்லிக் கூட்டி வருவார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஊசி வந்தவுடன் அந்தப் பிள்ளை டொக்டரை மட்டுமல்ல, அம்மம்மாவையும் நம்பாது. குத்துமா என்று பிள்ளை கேட்டால் நான், "கொஞ்சம் நோகும், சில பேருக்குக் கிள்ளுவது மாதிரி இருக்கும், உனக்கு எப்படி இருந்தது என்று பிறகு நீ எனக்குச் சொல்லு" என்பேன். அம்மம்மாவிடம், அவரைக் குற்றம் சொல்லாமல், இதைத் தமிழில் கதைக்கத் தெரிந்த ஒருவர் அறையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் தமிழை விட்டுவிடாதீர்கள். அதேநேரம், நோய் விபரத்தையோ சம்மதப் பத்திரத்தையோ மொழிபெயர்க்கச் சொன்னால் ஏற்காதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், அவரை அழைக்கச் சொல்லுங்கள்.

இனி அனுபவம். பலரும் நேரே வைத்தியசாலைக்குத் தொண்டராகப் போகப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, முதலில் சுகமாக இருக்கும் பிள்ளைகளோடு நிறைய நேரம் இருங்கள். சுகமான மூன்று வயது எப்படி ஓடும், எப்படிக் கோபிக்கும், எவ்வளவு நேரம் ஓர் இடத்தில் இருக்கும் என்று தெரிந்தால்தான், கட்டிலில் பேசாமல் கிடக்கும் மூன்று வயது உங்களுக்கு ஏதோ சொல்வது விளங்கும். "நல்ல பிள்ளை, அழவே இல்லை" என்று வார்டில் பாராட்டும் பிள்ளைகளில் சிலர் பயத்தில் உறைந்து போனவர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, பகல்நேரப் பராமரிப்பு நிலையம், கோடைகால முகாம், எல்லாம் உதவும். ஒரு கொப்பியில் பார்த்ததை எழுதுங்கள். "அவன் கோபமாக இருந்தான்" என்று வேண்டாம்; என்ன செய்தான், என்ன சொன்னான், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

பிறகு நோயோ இழப்போ உள்ள பிள்ளைகள். ஒன்ராறியோவில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் முகாம் நடத்தும் கேம்ப்ஃபயர் சேர்க்கிள், வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் தங்கும் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஹொலண்ட் புளூர்வியூ வைத்தியசாலை போன்ற இடங்களில் விசாரியுங்கள். பொலிஸ் சான்றும் தடுப்பூசி விபரமும் கேட்பார்கள், எடுக்க நாள் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

600 மணித்தியாலப் பயிற்சிக்கு இடம் கிடைப்பதுதான் இந்தப் பாதையில் கடினமான கட்டம். பெரிய வைத்தியசாலைகூட ஒரு பருவத்தில் ஓரிருவரையே எடுக்கும், பெரும்பாலும் சம்பளமும் இல்லை. இதை மறைத்து உங்களை உற்சாகப்படுத்த எனக்கு மனமில்லை. கடைசி வருடத்தில் அதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்க முடியுமா என்று இப்போதே வீட்டில் கதையுங்கள். வேறு மாகாணங்களுக்கும் விண்ணப்பியுங்கள். நேர்முகத் தேர்வில், எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்பதை விட, ஒரு பிள்ளையோடு நடந்ததைச் சொல்லி நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று காரணம் காட்ட வேண்டும். அந்தக் கொப்பி அங்கேதான் கைகொடுக்கும்.

என் மகள் இந்தப் படிப்பைத் தெரிவு செய்திருக்கிறாள். மிகவும் இளகிய மனம் உள்ளவள். பிள்ளைகள் இறப்பதை அவளால் தாங்க முடியுமா?
– ஒரு தந்தை, மொன்றியல்

ஐயா, இளகிய மனம் இந்த வேலைக்குத் தடையில்லை. மனம் இறுகிப் போனவர்களை நாங்கள் வார்டில் விரும்புவதில்லை. பெரும்பாலான நாட்கள் உடைந்த கை, ஸ்கான், தொண்டைச் சத்திரசிகிச்சை என்றுதான் போகும். மரணமும் வரும்தான். அப்போது எங்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது: பிள்ளையின் கைரேகையை மையில் எடுத்துத் தாயிடம் கொடுப்பது, அண்ணனுக்கும் அக்காவுக்கும் என்ன நடந்தது என்று நேராகச் சொல்ல பெற்றோருக்குத் துணையாக இருப்பது. "தம்பி நித்திரை கொள்கிறான்" என்று சொன்னால், அன்றிரவு அந்த அக்கா நித்திரை கொள்ளப் பயப்படுவாள். "தம்பி செத்துப்போனான், அவனுடைய உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது" என்று சொல்ல உதவுகிறோம். இழப்புப் பற்றிய பாடம் கட்டாயமாக இருப்பது இதற்காகத்தான்.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கஷ்டமான நாளில் யாரிடம் கதைப்பாய்? அதற்கு அவளிடம் பதில் இருந்தால் போதும். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தால், விபரம் கேட்காதீர்கள். நோயாளிகளின் கதையை வெளியில் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள்.

யாழ்ப்பாணத்தில் உளவியல் படிக்கிறேன். வட அமெரிக்கா போகாமல் இந்தத் துறையில் வேலை செய்ய வழி உண்டா?
– வாசகி, நல்லூர்

உண்டு. பிரித்தானியாவிலும் நியூசிலாந்திலும் வைத்தியசாலை விளையாட்டு நிபுணர்கள் என்ற பெயரில் நீண்டகாலமாக இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கே.கே. மகளிர் குழந்தைகள் வைத்தியசாலையில் சைல்ட் லைஃப் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். ஊரிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு குழந்தைகள் வார்டின் பொறுப்புத் தாதியிடம் அனுமதி கேட்டு, வாரத்தில் ஒரு பின்னேரம் விளையாட்டு நேரம் நடத்தப் பாருங்கள். கழுவிக் காயவைக்கக்கூடிய பொருட்களை மட்டும் கொண்டு போங்கள், கிருமி பரவாமல் இருக்க. ஊசி இல்லாத சிறிஞ்சர், பஞ்சு, பன்டேஜ், துணியில் தைத்த ஒரு பொம்மை போதும். பிள்ளைகளே பொம்மைக்கு வைத்தியம் செய்யட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். எங்கே குத்துகிறார்கள், என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்பதில் எல்லாம் வெளியே வரும்.

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறேன். ஆண்பிள்ளைகள் இதற்கு வரலாமா?
– வாசகர், மார்க்கம்

தாராளமாக வாருங்கள், தம்பி. எங்கள் துறையில் ஆண்கள் மிகக் குறைவு. டயலிசிஸ் மெஷினோடு மணித்தியாலக் கணக்காக இருக்கும் பதினைந்து வயதுப் பெடியனுக்கு, எதிரே கதிரையைப் போட்டு வீடியோ கேம் விளையாடிக்கொண்டே கதைக்க ஓர் அண்ணன் கிடைப்பது நல்லது. பள்ளியில் கேட்கும் 40 மணித்தியாலச் சமூக சேவை முடிந்துவிட்டதா? இல்லையென்றால் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் நேரத்துக்குப் பெயர் கொடுங்கள்.