பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

“காவிரியில் வினாடிக்கு 20,000 கன அடி வருகிறது என்கிறார்களே, ஓடுகிற ஆற்றை எப்படி அளக்கிறார்கள், எல்லாம் குத்துமதிப்புதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீரளவை நிலைய வேலையைக் கிட்டே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், குத்துமதிப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தண்ணீரை நேராக அளப்பதும் இல்லை. மணிக்கொரு தடவை பார்ப்பது நீர்மட்டம் மட்டும்தான், கரையில் நட்டிருக்கும் அளவுப் பலகையில். அந்த மட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதற்கு ஏற்கெனவே போட்டுவைத்த அட்டவணை இருக்கும்.

கஷ்டமெல்லாம் அந்த அட்டவணையைத் தயாரிப்பதில்தான். ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்க்க வேண்டும், அங்கெல்லாம் கரண்ட் மீட்டரை இறக்க வேண்டும். சின்னச் சின்னக் கிண்ணங்கள் வட்டமாகக் கோத்த கருவி அது. அடியில் மீன் வடிவத்தில் ஒரு கனமான எடை தொங்கும், அது இல்லையென்றால் ஓட்டம் கம்பியையே சாய்த்துக்கொண்டு போய்விடும். கிண்ணம் சுற்றச் சுற்ற டக் டக்கென்று சத்தம் வரும், ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு எண்ண வேண்டியதுதான். மேற்பரப்பில் வேகம் அதிகம், தரையை ஒட்டிக் குறைவு என்பதால் மொத்த ஆழத்தில் மேலிருந்து 0.6 பங்கில் நிறுத்திப் பார்ப்பார்கள், ஆழம் அதிகமென்றால் 0.2, 0.8 இரண்டிலும் பார்த்துச் சராசரி. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் சரி: ஒரு துண்டு 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், வினாடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் அதில் வினாடிக்கு 20 கன மீட்டர், அதாவது சுமார் 706 கன அடி.

சிக்கல் எங்கே என்றால், ஒரு பெரிய வெள்ளம் மணலை அரித்தாலோ கொண்டுவந்து போட்டாலோ அதே மட்டத்துக்கு வேறு அளவு தண்ணீர் ஓடும், பழைய அட்டவணை பொய் சொல்லும், மறுபடி அளந்து திருத்த வேண்டும். அப்புறம், உச்ச வெள்ளத்தில் எவனும் படகில் போக முடியாது. மிதவையை விட்டு மேற்பரப்பு வேகத்தைப் பார்த்து அதில் சுமார் 85 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், அல்லது அட்டவணைக் கோட்டை மேலே நீட்டிப் படிப்பார்கள். அதனால் லட்சம் கன அடிக்கு மேல் வரும் எண்களை நான் கடைசி இலக்கம் வரை நம்புவதில்லை.

காவிரி கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளப்பது மத்திய நீர்வள ஆணையம், இரு மாநிலமும் அல்ல. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்குத் தர வேண்டிய 177.25 டிஎம்சிக்கு (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கணக்கு பார்ப்பதும் அங்கேதான். ஒரு நாள் முழுக்க சுமார் 11,574 கன அடி ஓடினால் 1 டிஎம்சி. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் திறந்ததோடு வழியில் பெய்த மழையும் பிலிகுண்டுலு எண்ணில் சேரும். மேட்டூர் நீர்வரத்தோ, அணையின் இருப்பு எவ்வளவு மாறியது, எவ்வளவு திறந்தார்கள் என்பதிலிருந்து போடும் கணக்கு, தண்ணீர் வந்துசேர நேரமும் ஆகும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வொரு வருடமும் வாட்ஸ்அப்பில் சண்டை போடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.