ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டீர்களா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே நடந்த கூடைப்பந்துப் போட்டியில், கடைசி நிமிடத்தில் நடுவர் தவறாக விசில் ஊதியதால் என் மகனின் அணி ஒரு புள்ளியில் தோற்றது. அமெரிக்காவில் நடுவர்களின் தவறுகளை வெளியிடுகிறார்களாம். அதுபோல அறிக்கை வாங்கி முடிவை மாற்றித் தருவதாக ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முக்கடலில் எறிந்த கல் போலத்தான் அந்தப் பணம்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. போட்டிகளில் 2015 மார்ச் முதல் ‘கடைசி இரண்டு நிமிட அறிக்கை’ வெளியாகிறது. நெருக்கமாக முடிந்த ஆட்டங்களுக்கு மட்டும், ஊதிய விசிலும் ஊதாமல் விட்ட விசிலும் சரியா தவறா என்று மறுநாள் சொல்லிவிடுவார்கள். 48 நிமிட ஆட்டத்தில் மீதி 46 நிமிடங்களுக்கு இந்த அறிக்கை கிடையாது. முக்கியமாக, தவறு என்று எழுதினாலும் முடிவு மாறாது. தோற்றவர் தோற்றவரே.

முறையீட்டுக்குப் பிறகு மறுபடி ஆடியதே இல்லையா என்பீர்கள். ஆடியதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2007 டிசம்பரில் அட்லாண்டா, மயாமி அணிகள் மோதியபோது, மயாமி வீரர் ஷாகில் ஓநீலின் ஐந்தாவது ஃபவுலை ஆறாவது என்று எழுதி அவரை வெளியேற்றிவிட்டார்கள் (அங்கே ஆறு ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும்). மயாமி முறையிட்டது. 2008 மார்ச் 8 அன்று கடைசி 51.9 விநாடிகளை மட்டும் மறுபடி ஆடினார்கள். அதற்குள் ஓநீல் வேறு அணிக்குப் போய்விட்டார். அந்த விநாடிகளில் யாரும் புள்ளி எடுக்கவில்லை, அட்லாண்டாவே வென்றது! கவனியுங்கள்: அங்கே தவறாகிப்போனது ஸ்கோர் மேசையின் எண்ணிக்கை. நடுவரின் பார்வையை யாரும் கேள்வி கேட்கவில்லை. உங்கள் மகனின் விவகாரமோ பார்வை சம்பந்தப்பட்டது.

பன்னாட்டுக் கூடைப்பந்து விதியும் இதைத்தான் சொல்கிறது. புள்ளி, நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டதில் திருத்தப்படாத பிழை இருந்தால், ஆட்டம் முடிந்த 15 நிமிடங்களுக்குள் கேப்டன் தலைமை நடுவரிடம் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் அதற்கான கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். காரணத்தை ஒரு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான கேப்டன்களுக்கு அந்தக் கட்டம் இருப்பதே தெரியாது, பயிற்சியாளர்களும் சொல்வதில்லை. பையன்கள் அழுது முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். இந்த இடைவெளியில்தான் ‘மேலே ஆள் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் நுழைகிறார்கள். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கின் வாசலிலேயே இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எரிச்சல் எனக்கும் உண்டு. நம் ஊர்ப் பரிசளிப்பு விழாவில் நன்கொடையாளர் பெயர்களை அரைமணி நேரம் வாசிக்கிறார்கள். ஆட்டத்தை நடத்திய நடுவர் யார் என்று மட்டும் பார்வையாளருக்குச் சொல்வதில்லை. பெயரே தெரியாதவரின் தவறை எந்த அறிக்கையில் தேடுவது?

கைபேசியில் வீடியோ இருந்தால், அமைப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். முடிவு மாறாது, அந்த நடுவரை அடுத்த முறை அழைக்கும்போது யோசிப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஆளிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். ரசீது தந்திருக்க மாட்டார்.