நேரம் குறைவு, வரிசை நீளம்: தீம் பார்க் கேள்வி-பதில்

மதியம் 2 மணிக்குத்தான் உள்ளே போக முடியும், 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். எத்தனை ரைடு ஏறலாம்?

பெரியது இரண்டு, சின்னது மூன்று. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

நான்கு மணி நேரம் என்று சொல்கிறீர்கள். பை சோதனை, டிக்கெட் ஸ்கேன், முதல் ரைடு வரை நடை, கடைசியில் வெளியே வரும் நடை எல்லாம் சேர்ந்து முக்கால் மணியை எடுத்துக்கொள்ளும். மிச்சம் மூன்றேகால். கூட்ட நாளில் பெரிய ரைடு ஒன்றுக்கு வரிசையும் நடையும் சேர்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். 12 முதல் 4 வரைதான் பார்க் நிரம்பி வழியும் நேரம், நீங்கள் சரியாக அதற்குள் போய் விழுகிறீர்கள். இதே நான்கு மணி நேரத்தைக் காலைத் திறப்பிலிருந்து எடுத்தால் பெரியதே ஐந்தாறு முடிந்துவிடும். காலை முடியாதென்றால், பார்க் மூடும் வரையான கடைசி நான்கு மணி நேரத்தை எடுங்கள். நட்ட நடு மதியத்தை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

10 மணிக்குத் திறக்கும் பார்க்குக்கு 10 மணிக்குப் போனால் போதும்தானே?

போதாது. 9.15க்கு வாசலில் நில்லுங்கள். 10 மணிக்கு வண்டி நிறுத்துமிடத்துக்கு வருகிறவர் முதல் ரைடு வரிசையை எட்டும்போது 10.40 ஆகியிருக்கும். அதற்குள் முன்னால் நின்றவர்கள் இரண்டு ரைடை முடித்துவிட்டிருப்பார்கள். டிக்கெட்டை முன்பே வாங்கி, அதன் படத்தைப் போனில் சேமித்து வையுங்கள். வாசலில் இணையம் தேடித் தவிப்பதிலேயே பத்து நிமிடம் போகும்.

பார்க்குக்குப் போகிறோம். நல்ல ரைடு எது?

எந்தப் பார்க், எந்த நாள், எத்தனை மணி நேரம், யார் யார், குழந்தை உண்டா, அதன் உயரம் என்ன? இவற்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. இவற்றை எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன். அதுவரை ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலைப் பார்க்கின் தளத்தில் பாருங்கள். போவதற்கு முந்தைய இரவு ஒரு முறை, அன்று காலை ஒரு முறை.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் போனால் கூட்டம் குறைவு என்கிறார்களே?

இடமும் வலமும் கணக்கே இல்லை. ஒரு ரைடு மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பதுதான் கணக்கு.

24 இருக்கை உள்ள ரோலர் கோஸ்டர் ரயில் 90 விநாடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 40 முறை, சுமார் 960 பேர். 20 பேர் அமரும் படகு அரை நிமிடத்துக்கு ஒன்று போனால் 2400 பேர். அதே 24 இருக்கை உள்ள சுழலும் ரைடு மூன்று நிமிடம் சுற்றி, ஏறி இறங்க இன்னும் மூன்று நிமிடம் எடுத்தால் மணிக்கு வெறும் 240 பேர். ஆகவே காலையில் முதலில் போக வேண்டியது எல்லோரும் விரும்புகிற, ஆனால் குறைவான பேரை ஏற்றுகிற ரைடுக்கு. படகு ரைடின் வரிசை பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கூட்டம் குறைவான வார நாட்களில் சில பார்க்குகள் கோஸ்டரில் இரண்டு ரயிலுக்குப் பதில் ஒன்றையே ஓட்டும். அன்றைக்குக் கொள்ளளவு ஏறக்குறையப் பாதிதான். "ஆளே இல்லாத நாளில் போனோம், ஆனாலும் 50 நிமிடம் நின்றோம்" என்று எழுதுகிறவர்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

வரிசை வாசலில் 70 நிமிடம் என்று போட்டிருந்தால் நம்பலாமா?

ஓரளவுக்கு. பலகை சொல்வதைவிட முன்பே ஏறிவிடுவது அடிக்கடி நடக்கும். மூடும் நேரம் நெருங்கும்போது பலகையை இன்னும் குறைவாக நம்புங்கள்.

நீங்களே கணக்குப் போடலாம். இறங்கும் வாசலில் இரண்டு நிமிடம் நின்று வெளியே வருகிறவர்களை எண்ணி 30ஆல் பெருக்குங்கள். அதுதான் மணிக்கு ஏறுகிறவர்கள். வரிசையில் நிற்பவர்களைக் குத்துமதிப்பாக எண்ணி அந்த எண்ணால் வகுங்கள். கூடுதல் கட்டணப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கான எக்ஸ்பிரஸ் வரிசை தனியாக இருந்தால் உங்கள் வரிசைக்குக் கிடைப்பது பாதிதான் என்று வைத்துக் காத்திருப்பை இரட்டிப்பாக்குங்கள். கூரைக்குள்ளும் வரிசை மடிந்து மடிந்து போகும், வெளியே தெரியும் வாலை மட்டும் எண்ணி ஏமாறக் கூடாது.

என் மகன் 119 செ.மீ. ரைடுக்கு 122 வேண்டுமாம். தடித்த அடி வைத்த ஷூ போட்டுச் சமாளிக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் ஒவ்வொரு முறையும் வருகிறது. ஷூவுக்குள் அட்டை வைக்கலாமா, முடியைத் தூக்கிக் கட்டலாமா, குதிகாலை லேசாக உயர்த்தச் சொல்லலாமா என்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உயரக் கோடு வரிசையைக் கட்டுப்படுத்த வைத்ததல்ல. அது இருக்கைத் தடுப்போடு சேர்ந்த கணக்கு. ரைடு எந்தத் திசையில், எவ்வளவு விசையில் உடலைத் தள்ளுகிறது என்பதை வைத்து எந்த வகைத் தடுப்பு வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப் 2291 என்ற வடிவமைப்புத் தரநிலை இதை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பில் தடுப்பே தேவையில்லை, ஐந்தாவதில் ஒரு பூட்டு தவறினாலும் இன்னொன்று பிடிக்க வேண்டும். கோஸ்டர் ஒரு மேட்டைத் தாண்டிச் சரியும்போது உடல் இருக்கையை விட்டு மேலே எழும்புகிறது. அப்போது பிடித்து நிறுத்துவது தொடைமேல் இறங்கும் கம்பியோ தோள்மேல் இறங்கும் தடுப்போதான். இடுப்பும் தொடையும் தோளும் அந்தத் தடுப்புக்குச் சரியான இடத்தில் வந்து அமர வேண்டும். வாசலில் ஒவ்வொரு குழந்தையின் இடுப்பையும் தொடையையும் அளக்க முடியாது என்பதால் மொத்த உயரத்தை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். ஷூவில் மூன்று செ.மீ. ஏற்றினால் பாதம்தான் உயரும், இடுப்பு வளராது. சின்ன உடல் கம்பிக்கு அடியில் வழுக்கி முன்னால் போகும், அல்லது கம்பிக்கு மேலாக எழும்பும். ஓடும் ரைடில் அதைத் திருத்த உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் நேர நஷ்டமும் உண்டு. பல பார்க்குகளில் வரிசை வாசலில் ஒரு முறை, ஏறும் மேடையில் இன்னொரு முறை அளப்பார்கள். கீழே தப்பித்த குழந்தை ஒரு மணி நேரம் நின்று மேலே போய்த் திருப்பி அனுப்பப்படும். அழுகிற பிள்ளையும் போன ஒரு மணி நேரமும்தான் மிச்சம். நான்கு மணி நேரத்துக்கு வந்தவர்களுக்கு அது பயணத்தில் கால்வாசி.

செய்ய வேண்டியது இது. வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி, ஷூ இல்லாமல் அளந்துவிடுங்கள். பார்க்கின் உயரப் பட்டியலை எடுத்து, பிள்ளை ஏறக்கூடியதை மட்டும் குறியுங்கள். பெரும்பாலும் 90, 102, 107, 112, 122, 137, 140 என்ற படிகளில்தான் எல்லை இருக்கும். சில ரைடுகளில் 107க்கு மேல் பெரியவர் துணையோடு ஏறலாம், 122க்கு மேல் தனியாக ஏறலாம் என்று இரண்டு கோடு இருக்கும், இரண்டையும் படியுங்கள். எல்லையை நியாயமாகவே தொட்டு நிற்கிற பிள்ளையைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பின் வட்டுகள் அமுங்கி மாலைக்குள் ஒரு செ.மீ. வரை உயரம் குறையும். காலை 122 இருந்த பிள்ளை மாலை 5 மணிக்குக் கோட்டைத் தொடாமல் போகலாம். அளந்து கையில் பட்டை கட்டிவிடும் பார்க் என்றால் நுழைந்தவுடன் அதை வாங்கிவிடுங்கள்.

119க்கு ஏறக்கூடியவை நிறைய இருக்கின்றன. மகனிடம் வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். வாசலில் நின்று சொல்ல வேண்டாம்.

பெரிய உடம்புக்காரர்களுக்கும் இப்படி ஏதாவது எல்லை உண்டா?

உண்டு. தடுப்பு சரியாகப் பூட்டிக்கொள்ளாவிட்டால் இறக்கிவிடுவார்கள், சில ரைடுகளில் அதிகபட்ச உயரமும் இருக்கும். பல பெரிய கோஸ்டர்களின் வாசலில் ஒரு மாதிரி இருக்கை வைத்திருப்பார்கள். வரிசையில் நுழையும் முன் அதில் உட்கார்ந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா?

காலைத் திறப்பிலிருந்தே இருக்கப் போகிறீர்கள், சாதாரண வார நாள் என்றால் வேண்டாம். விடுமுறை நாள், மதியத்துக்கு மேல்தான் நுழைய முடியும் என்றால் வாங்குங்கள். வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: நீங்கள் விரும்பும் ரைடு அதில் சேர்ந்திருக்கிறதா, ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு முறையா பல முறையா, குறித்த நேரத்துக்கு மட்டுமா. புத்தம் புதிய ரைடை இந்தப் பாஸிலிருந்து விலக்கித் தனியாக விற்பது பல இடங்களில் வழக்கம். டிஸ்னி 1999இல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் இலவசமாக இருந்தது. அமெரிக்கப் பார்க்குகளில் 2021இல் அதன் இடத்துக்குக் கட்டணச் சேவை வந்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இலவசம் என்று நம்பிப் போகாதீர்கள். வாங்கும் அன்றும் மூடல் பட்டியலைப் பாருங்கள், ஓடாத ரைடுக்குப் பாஸ் எதற்கு?

ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. நானும் மனைவியும் கோஸ்டர் ஏற ஆசை. ஒருவர் ஏறினால் மற்றவர் மறுபடி முழு வரிசையும் நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை, மாற்றி ஏறும் வசதி பெரும்பாலான பெரிய பார்க்குகளில் உண்டு. ஆனால் இடத்துக்கு இடம் முறை வேறு. வரிசைக்குள் போகும் முன்பே, குழந்தையோடு எல்லோருமாக வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். ஒருவர் வரிசையில் நின்று ஏறுவார், மற்றவர் குழந்தையோடு காத்திருந்து பிறகு எக்ஸ்பிரஸ் வழியாக நுழைவார். ஏறி முடித்துவிட்டு வந்து கேட்டால் கொடுக்க மாட்டார்கள். மூத்த பிள்ளை இருந்தால் இரண்டாவது சுற்றிலும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் சேர்ப்பார்கள்.

தனியாக ஏறுகிறவர்களை மிஞ்சும் ஒற்றை இருக்கைகளில் ஏற்றும் தனிநபர் வரிசை உண்மையிலேயே வேகமா?

பக்கத்தில் பக்கத்தில் மூன்று, நான்கு இருக்கை உள்ள ரைடில் வேகம். அங்கேதான் ஒற்றை இருக்கை அடிக்கடி மிஞ்சும். இரண்டிரண்டு இருக்கை உள்ள ரைடுக்கு ஜோடி ஜோடியாகவே ஆட்கள் வந்தால் தனிநபர் வரிசை அப்படியே நிற்கும். சிறு குழந்தையோடு அதில் போகாதீர்கள், பிரித்துத்தான் உட்கார வைப்பார்கள்.

வரிசையில் 40 நிமிடம் நின்ற பிறகு ரைடு நின்றுவிட்டது. காத்திருப்பதா, போவதா?

ரயில் மேடையிலேயே நின்று ஊழியர்கள் தடுப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் 10 நிமிடம் பொறுங்கள். ஏற்றத்தில் நின்ற ரயிலிலிருந்து ஆட்களைப் படி வழியாக இறக்குகிறார்கள் என்றால் உடனே கிளம்புங்கள். அது சீக்கிரம் முடியாது. சரிசெய்த பிறகும் காலி ரயிலைச் சில சுற்று விட்டுத்தான் திறப்பார்கள். தூரத்திலிருந்து காலி ரயில் ஓடுவதைப் பார்த்தால் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்குங்கள். போகும் முன் திரும்பி வர அனுமதிச் சீட்டு தருவார்களா என்று கேட்க மறக்காதீர்கள்.

மழை வந்தால்?

வெளியேறாதீர்கள், மற்றவர்கள் வெளியேறுவார்கள். இடி மின்னலுக்கும் பலத்த காற்றுக்கும் வெளி ரைடுகள் நிற்கும், அப்போது எல்லோரும் கூரையுள்ள ரைடுக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். மழை விட்டதும் கோஸ்டர் பக்கம் போய் நில்லுங்கள்.

தண்ணீர் ரைடும் சாதாரண ரைடும் ஒரே அரை நாளில் முடியுமா?

முடியாது. உடை மாற்ற, உலர்த்த, லாக்கர் தேட இரண்டு முறையும் சேர்த்து 40 நிமிடம் போகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஊர்வலம் நடக்கும்போது ரைடுகளில் கூட்டம் குறையுமா?

குறையும், நீங்கள் சரியான பக்கத்தில் இருந்தால். ஊர்வலப் பாதையை நடுவில் கடக்க விட மாட்டார்கள். தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே ரைடு இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

7 மணிக்கு மூடுகிறார்கள். கடைசி ரைடுக்கு எத்தனை மணிக்குள் வரிசையில் சேர வேண்டும்?

மூடும் நேரத்துக்குள் வரிசையில் இருப்பவர்கள் எல்லோரையும் ஏற்றுவது பல பார்க்குகளின் வழக்கம். அங்கே 6.50க்கு, நீளமான வரிசை உள்ள ரைடில் சேருங்கள். ஆனால் வரிசையை முன்கூட்டியே அடைக்கும் பார்க்குகளும் உண்டு, தண்ணீர் ரைடுகள் இன்னும் சீக்கிரம் அடையும். மதியமே அந்த ரைடின் ஊழியரிடம் கேட்டு வையுங்கள்.

பை எடுத்துப் போகலாமா?

இடுப்பில் கட்டும், ஜிப் வைத்த சின்னப் பை போதும். முதுகுப் பை இருந்தால் ஒவ்வொரு கோஸ்டருக்கும் லாக்கர், ஒவ்வொரு லாக்கருக்கும் 10 நிமிடம். பவர் பேங்க் அவசியம், காத்திருப்பு நேரம் காட்டும் ஆப் மதியத்துக்குள் பேட்டரியைக் குடித்துவிடும்.